ராபின் ஹூட்டுக்கு மீன் பிடிக்கத் தெரியாது

என் கடை மேசை இழுப்புல இப்ப 43 கொள்ளைக்காரங்க படுத்திருக்காங்க. ஆளுக்கு ஒரு வில்லு, சிலருக்கு கம்பு, ஒருத்தன் தோள்ல செத்த மான், ஒருத்தரு நடு மண்டைய மழிச்ச தொந்திச் சாமியாரு. எல்லாம் 28 மில்லிமீட்டர் சைஸ், அதாவது பாதத்துல இருந்து கண்ணு வரைக்கும் அவ்வளவுதான், தலை ஒரு மிளகு. கீழக்கரை பஜார்ல ரீசார்ஜ் பண்ண வர்றவங்க எட்டிப் பாத்துட்டு "பாய், புள்ளைக்கா?"ன்னு கேப்பாங்க, நானும் ஆமான்னுருவேன், அதுதான் சுளுவான பதிலு.

எனக்குத்தான். மறைச்சு என்ன ஆகப்போகுது.

துபாய்ல தேராவுல ஒம்போது வருஷம் இருந்தேன். பக்கத்து ரூம்ல இருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊருக்குக் கிளம்புறப்ப சாமானெல்லாம் வந்த வெலைக்கு வித்தாரு, எல்லாரும் ஃபேனு, அயர்ன் பாக்ஸ்னு தூக்குறாங்க, நான் ஒரு தகர டப்பாவை தெறந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். உள்ள பன்னெண்டு ஈய ஆளுங்க, பெயிண்ட் அடிக்காம, கருகருன்னு. இருவது திர்ஹம். அந்தப் பன்னெண்டுதான் இன்னைக்கு 43 ஆகி நிக்குது. உம்மா மட்டும் "உருவத்தையெல்லாம் தொழுற ரூம்ல வைக்காதடா"ன்னாங்க, நியாயந்தான், அன்னைக்கே கடைக்கு மாத்திட்டேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரியில சொல்லிர்றேன். மேசை மேல காடு, ரோடு, குடிசைன்னு செஞ்சு வச்சு, ரெண்டு பேரு ஆளுக்குப் பத்து பொம்மை வச்சு, டேப்பால அளந்து நகத்தி, தாயக்கட்டை உருட்டி சண்டை போடுறது. என் ஆட்டம் ராபின் ஹூட் கதை, அதாவது பணக்காரன்கிட்ட பறிச்சு ஏழைக்குக் குடுத்ததா சொல்ற இங்கிலீஷ் காட்டுக் கொள்ளைக்காரன் கதை. ஒரு பக்கம் அவனைப் பிடிக்க அலையிற நாட்டிங்ஹாம் ஊர் அதிகாரி ஷெரீப்போட ஆளுங்க, இன்னொரு பக்கம் காட்டு ஆளுங்க. சதுரங்கத்துக்கு அண்ணன் தம்பி மாதிரிதான், ஆனா இதுல காய்க்கு நாமளே சட்டை தச்சுப் போடணும். இதுல ஒரு தமாஷ் இருக்கு. இந்தப் பொம்மைத் தொழில்ல உலகத்துலயே பெரிய கம்பெனியான கேம்ஸ் வொர்க்‌ஷாப் இருக்கறது நாட்டிங்ஹாம்ல. அதைச் சுத்தி பொம்மை வார்க்குற சின்னச் சின்னக் கம்பெனி எத்தனையோ. ஷெரீப்போட சொந்த ஊர்லயே ராபின் ஹூட்டை டஜன் கணக்குல வார்த்து விக்கிறான்.

சரி, பெயிண்ட்டுக்கு வருவோம். அதுவும் நம்ம கடக்கரையில பெயிண்ட்.

வீடியோவுல எல்லாம் சொல்லுவான், முதல்ல சோப்புத் தண்ணில கழுவு, அச்சுக்கோடு இருந்தா அரத்தால ராவு, அப்புறம் பிரைமர், அதான் அடிப்பூச்சு, ஸ்ப்ரே அடின்னு. அடிச்சுப் பாருங்க இங்க. மத்தியானம் அடிச்சா டப்பாவுல இருந்து பொம்மைக்குப் போறதுக்குள்ள வழியிலேயே காஞ்சு ரவை மாதிரி ஒட்டுது. சாயங்காலம் அடிச்சா ஈரக்காத்துல பனி பூத்த மாதிரி வெளுத்துப் போகுது. கச்சான் காத்து வீசுற மாசத்துல மாடியில அடிச்சிங்கன்னா பிரைமரோட மணலும் சேர்ந்து ஓசியில கெடைக்கும். நான் ஒரு தடவை கடைசியில அடிக்கிற மேட் வார்னிஷ்ல ஏமாந்தேன், மூணு வாரம் உக்காந்து அடிச்ச எட்டு பேரு, ஐப்பசி மழைக்கு நடுவுல ஒரு நாள் வெயில் வந்துச்சேன்னு அவசரமா வார்னிஷ் அடிச்சேன், பத்து நிமிஷத்துல எட்டு பேரும் மாவுக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி ஆகிட்டாங்க. அதோட ஸ்ப்ரேக்கு ஒரு கும்பிடு. இப்ப பிரைமரும் பிரஷ்தான், வார்னிஷும் பிரஷ்தான். பெயிண்ட் காயாம இருக்க தொதல் அல்வா வந்த டப்பாவுல டிஷ்யூவை நனைச்சு விரிச்சு அதுமேல பட்டர் பேப்பர் போட்டு வச்சுக்கறேன், அதுல கலந்த கலரு மறுநாள் காலையில கூட இளகியே இருக்கு. பிரஷ் விசயத்துல ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கங்க, ரொம்பப் பொடிசா மூணு சைபர் பிரஷ் வாங்காதீங்க, அதோட மயிர்ல பெயிண்ட் நிக்காது, கண்ணுக்குப் போறதுக்குள்ள காஞ்சுரும். ஒண்ணாம் நம்பர், முனை நல்லா கூரா இருந்தா போதும்.

ஈயத்தைப் பத்தியும் சொல்லணும். அந்தப் பழைய பன்னெண்டு பேர்ல அஞ்சு பேரை மர அலமாரியில அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு ஒரு வருஷம் மறந்துட்டேன். தெறந்தா உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி. மரத்துலயும் அட்டையிலயும் இருந்து வர்ற காடி ஆவி, நம்ம ஊரு ஈரம், ரெண்டும் சேர்ந்து ஈயத்தை அரிச்சுருது. அந்தப் பொடி விஷம், கையால தொடக்கூடாது, புள்ளைங்க இருக்கற வீட்ல வைக்கவே கூடாது. அஞ்சு பேரையும் கவர்ல கட்டி ஒழிச்சேன். இப்ப வர்ற பொம்மையில நெறைய ஈயம் இல்லாத தகரக் கலவை, இல்லைன்னா பிளாஸ்டிக், 3டி பிரிண்ட் ரெசின், அதுலயெல்லாம் அந்தப் பயம் இல்ல.

இப்ப பச்சை. இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்தினேன்.

ராபின் ஹூட் ஆளுங்கன்னாலே லிங்கன் பச்சை, லிங்கன்ங்கற இங்கிலீஷ் ஊர்ல சாயம் போட்ட துணியோட பச்சை. அட்டைப்பெட்டி மேல பாத்தா வாழைக்குருத்து மாதிரி பளபளன்னு பச்சைச் சட்டை, மடிப்பு மேட்டுல மஞ்சள் கலந்த வெளிச்சம். நானும் அப்படியே அடிச்சேன். அடிச்சு வச்சுப் பாத்தா பத்து பேரும் ஸ்கூல் ஆண்டுவிழாவுல மரம் வேஷம் கட்டின புள்ளைங்க மாதிரி இருக்காங்க. மழையிலயும் வெயில்லயும் காட்ல கெடக்கறவன் சட்டை இப்படியா இருக்கும்? எங்க தப்புன்னு ரொம்ப நாளா பிடிபடல.

பிடிபட்டது என் கடை போர்டுல. நாலு வருஷத்துக்கு முன்னாடி வச்ச ஃபிளெக்ஸு, ஓரத்துல பச்சைக் கொடி ஒண்ணு படம் போட்டிருந்தான், ஒரு நாள் எதிர்த்த டீக்கடையில நின்னு பாக்கறேன், கொடி நீலமா இருக்கு. பஜார்ல சுத்திப் பாத்தா எல்லா பழைய போஸ்டரும் அப்படித்தான், மாப்பிள்ளை மூஞ்சியும் நீலம், பிரியாணியும் நீலம். அச்சுல பச்சைன்னா நீலமும் மஞ்சளும் சேர்ந்ததுதான், வெயில்ல மஞ்சளும் சிவப்பும் முதல்ல ஓடிப்போகுது, நீலம் கடைசி வரைக்கும் கெடக்குது.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் பச்சைச் சாயமும் ஒரே சாயம் இல்ல. முதல்ல வோட்னு ஒரு செடியில நீலம் ஏத்துவான், அதுல இருக்கற நீலமும் நம்ம அவுரியில இருக்கற நீலமும் ஒரே சரக்கு. அதுக்கு மேல வெல்ட்னு இன்னொரு செடியோட மஞ்சள்ல முக்குவான். நீலத்து மேல மஞ்சள், அதுதான் பச்சை. அதனாலதான் ஐரோப்பாவுல பழைய சுவர்த்திரைகள்ல நெய்த காடெல்லாம் இன்னைக்கு நீலமா நிக்குது, மஞ்சள் போயிருச்சு. அப்ப காட்டுல வருஷக்கணக்கா திரியிறவனோட தோளு எந்தக் கலர்ல இருக்கணும்?

அதுலேர்ந்து என் வழி இது. அடியில கரும்பச்சை, மடிப்புக்குள்ள பழுப்பு வாஷ், அதாவது தண்ணியா கரைச்ச பெயிண்ட், ஓட விடுறது. தோளு, முக்காட்டு உச்சி, முதுகு மேல்பக்கம், வெயில் நேரா படுற எடமெல்லாம் சாம்பல் நீலம் கலந்த பச்சை, மஞ்சளே கெடையாது. அக்குளுக்கு அடியில, இடுப்பு வார் மறைச்ச எடத்துல மட்டும் அசல் பச்சை விட்டு வைக்கறது. முழங்காலுக்குக் கீழ சேறு. சந்தேகம் இருந்தா கடற்கரைக்குப் போய் வலை கட்டுறவங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு அரைமணி நேரம் உக்காருங்க, சட்டை எங்க வெளுக்கும் எங்க வெளுக்காதுன்னு அவங்க முதுகுலயே இருக்கு. எங்க மாமா ஒருத்தர், சொந்த மாமா இல்ல, எழுவது வயசு, வலை கட்டுறவரு, அவர் சட்டையை ஃபோட்டோ எடுத்து வச்சுத்தான் ராபினோட வலதுகையான லிட்டில் ஜானுக்குப் பெயிண்ட் அடிச்சேன். அவருக்கு இது தெரியும். "என் சட்டைக்கு வந்த வாழ்வப் பாரு"ன்னாரு.

வில்லைப் பத்தி ஒரு சின்ன விசயம், எல்லாரும் வில்லுக்கு ஒரே காப்பிக் கலர் அடிச்சு விட்டுர்றாங்க. அவங்க வில்லு யூ மரம், ஆள் உசரம், ஒரே கட்டையில ரெண்டு நெறம் இருக்கும், எதிரியைப் பாத்த பக்கம் வெளிமரம், வெளுப்பா இருக்கும், வில்லாளியைப் பாத்த பக்கம் வைரம் பாஞ்ச உள்மரம், செம்பழுப்பு. ஒரே ஒரு கோடு கூட இழுத்தா போதும், பொம்மை எங்கயோ போயிரும். நாணுக்கு இருக்கறதுலயே மெல்லிசான தங்கூஸ் நரம்பு, ஃபெவிக்விக் ஒரு பொட்டு.

மண்ணுக்கும் மரத்துக்கும் நம்ம ஊர்ல பஞ்சமா? கடல் மணலை மூணு தண்ணி விட்டுக் கழுவி காய வச்சுக்கணும், இல்லைன்னா உப்பு பூக்கும். தேங்காய்த் தும்பு புல்லு. தோணி கட்டுற எடத்துல மரத்தூள் அள்ளிட்டு வந்து பச்சை கலக்கி காயவச்சா எலை. ஆனா பவளப்பாறைத் துண்டைக் கொண்டாந்து பாறை செய்யிற ஐடியா யாருக்காவது இருந்தா விட்ருங்க, மன்னார் வளைகுடா 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, செத்த பவளத்தைத் தொட்டாலும் கேஸுதான். காட்டு ஆளுங்களை வச்சு விளையாடப் போய் நாம காட்டு இலாகாகிட்ட மாட்ட வேண்டாம். மரத்துக்கு நான் உடைமரக் குச்சி வச்சேன், ராபினோட ஷெர்வுட் காட்டு ஓக்கு மரமெல்லாம் குடை மாதிரி விரிஞ்சு, பாத்தா திருப்புல்லாணி போற ரோடு மாதிரியே இருக்கு. மாத்தலை. எனக்குத் தெரிஞ்ச காடு அதுதான்.

கமுதிப் பக்கத்துல இருந்து ஒரு நண்பர் மாசம் ஒரு தடவை சரக்கு எடுக்க வருவாரு, வந்தா ஒரு ஆட்டம். முதல் தடவை வந்தப்ப ஒரு பொம்மையைக் கையில எடுத்துக்கிட்டு, "பாய், இவன் என்ன பண்ணான்னு கொள்ளைக்காரன்ங்கறீங்க?"ன்னாரு. நான் படிச்சதைச் சொன்னேன். அங்க அவுட்லான்னா திருடன்னு அர்த்தம் இல்ல, ஒருத்தன் மேல வழக்கு வந்தா கவுன்ட்டி கோர்ட்டுல அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, அடுத்தடுத்து அஞ்சு கோர்ட்டுல கூப்பிட்டும் வரலைன்னா அவன் சட்டத்துக்கு வெளிய, ஓநாய்த் தலைன்னு பேரு வச்சிருவாங்க, சொத்து போயிரும். அவர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அஞ்சு தடவையாவது கூப்பிட்டாங்களே"ன்னாரு. அவங்க தாத்தா காலத்துல கைரேகைச் சட்டம். 1911 குற்றப் பரம்பரைச் சட்டத்தை வச்சு ஊர் ஊரா ஆம்பளைங்க பேரையெல்லாம் எழுதி, ரேகை வாங்கி, ராத்திரி போலீஸ் ஸ்டேஷன்ல வந்து படுன்னு வச்சிருந்தாங்க, யாரும் எதுவும் பண்ணியிருக்கணும்னு அவசியமே இல்ல, அந்தச் சட்டத்துல குறி வச்ச சமூகத்துல பொறந்திருந்தா போதும். மதராஸ் மாகாணத்துல அது போனது 1947ல. அவர் அதுக்கு மேல ஒண்ணும் பேசலை, டைஸை எடுத்து உருட்டி என் ஷெரீப்பை மூணாவது ரவுண்டுலயே முடிச்சிட்டாரு.

இங்கிலாந்துலயும் பெரிய எடத்து ஆளுங்களுக்கு வேற கணக்குதான். ஃபோல்வில்னு ஒரு நிலக்காரக் குடும்பத்து அண்ணன் தம்பிங்க, 1332ல ஒரு ராஜா கோர்ட்டு ஜட்ஜையே தூக்கிட்டுப் போய் 1300 மார்க் பணம் வாங்கிட்டு விட்டாங்க. அதுல பெரிய கேடி யூஸ்டஸ் ஃபோல்வில், ராஜாவுக்காகச் சண்டைக்குப் போய் மன்னிப்பு வாங்கி, கடைசியில சர் பட்டத்தோட செத்தான்.

இந்தத் தொந்திச் சாமியார் டக்கு எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். ராபின் ஹூட்டை ரிச்சர்டு ராஜா காலத்துல வைக்கறாங்க, ரிச்சர்டு செத்தது 1199. டக்கு மாதிரி ஊர் ஊரா திரியிற ஃபிரான்சிஸ்கன் சாமியாருங்க இங்கிலாந்துல கால் வச்சதே 1224ல. அப்ப இவர் எப்படி? பழைய பாட்டு ஒண்ணுல பாத்தா ராஜா பேரு ரிச்சர்டே இல்ல, எட்வர்டு, காடும் பார்ன்ஸ்டேல்னு யார்க்‌ஷயர் பக்கம், ராபினோட காதலி மரியன் எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டுனது. சரி, என் டக்கு என்ன பண்ண? அங்கியைக் கருப்படிச்சு பெனடிக்டைன் துறவி ஆக்கிட்டேன். இப்ப அவர் பேரு யூஸ்டஸ், ஃபோல்வில் இல்ல, இது வேற யூஸ்டஸ், நிஜமா இருந்த ஆளு. புலோன் பக்கத்துக்காரன், துறவியா இருந்து, வெளிய வந்து, பிரபுகிட்ட சண்டை போட்டு அவுட்லா ஆகி, கடல்ல இறங்கி கொள்ளைக்காரன் ஆகி, கொஞ்ச நாள் இங்கிலீஷ் ராஜாவுக்கும் அப்புறம் பிரெஞ்சுக்காரனுக்கும் கப்பல் ஓட்டுனவன். 1217 ஆகஸ்ட் 24, சாண்ட்விச் பக்கத்துல கடல் சண்டை. இங்கிலீஷ்காரங்க காத்து மேல இருந்து வர்ற பக்கம் போய் நின்னுக்கிட்டு சுண்ணாம்புப் பொடியைத் தூவியிருக்காங்க, அது போய் பிரெஞ்சுக்காரன் கண்ணுல. யூஸ்டஸ் கப்பல் அடியில ஒளிஞ்சிருந்து மாட்டி, காசு தர்றேன்னு கெஞ்சியும் தலை போச்சு.

இதை மாமாகிட்ட சொன்னேன். சுண்ணாம்புக்கு அவர் அசரலை. "காத்துக்கு மேலே போகாம கடல்ல எவன் எதைத் தூவுவான்"னாரு. அதுல இருந்து எங்க ஆட்டத்துல காத்துக்கு ஒரு கட்டை உருட்டணும், வாடை, கொண்டல், சோழகம், கச்சான், நாலு திசைக் காத்துல எதுன்னு. இது என் மகளோட ரூலு, ஆறாவது படிக்கிறா, என்னைவிட நல்லா விளையாடுறா.

அப்படியே பேச்சோட பேச்சா மாமாகிட்ட இன்னொரு கதையும் சொன்னேன். பழைய பாட்டு ஒண்ணுல ராபின் ஹூட் மீன் பிடிக்கப் போறான். நெசமாத்தான். காடு சலிச்சு, ஸ்கார்பரோன்னு கடற்கரை ஊருக்கு வந்து, ஒரு கைம்பெண் வீட்ல தங்கி, பேரு சைமன்னு பொய் சொல்லி, அந்தம்மா படகுல ஏறுறான். எல்லாரும் தூண்டில்ல இரை கோத்துப் போடுறாங்க, இவன் வெறும் கயித்தைப் போடுறான். மாமா சிரிச்ச சிரிப்புல வலை ஊசி கீழ விழுந்துருச்சு. "இரை இல்லாமயா? அவனை முதல்ல எறக்கி விட்ருக்கணும்." படகுக்காரனும் அப்படித்தான் திட்டுறான், இவனுக்குப் பங்கு கெடையாதுங்கறான். அப்புறம் பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல் வருது, எல்லாரும் நடுங்குறாங்க, ராபின் சொல்றான், என்னைப் பாய்மரத்துல கட்டு, கையில வில்லைக் குடுன்னு. ஒருத்தரையும் விடலை. அந்தக் கப்பல்ல 12,000 பவுண்டு பணம்.

மாமா கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "கட்டுனா ஆளு ஆட மாட்டான் மருமவனே, தோணி ஆடுமே?"

நல்ல கேள்வி. இப்ப ரூல் என்னன்னா, படகுல நின்னு எய்தா கட்டையில ஒண்ணு கழியும், பாய்மரத்துல கட்டியிருந்தா அந்த ஒண்ணு கழியாது, ஆனா ஆளு நகர முடியாது, படகு முங்குனா அவனும் சேர்ந்து.

அதுக்குப் படகு வேணுமே. ஐஸ் குச்சியைச் சீவி ஒட்டினேன், பாய்க்கு என் பழைய கைலி. அந்த ஊர்ப் படகுல பலகை விளிம்பு மேல அடுத்த பலகை ஏறி உக்காந்திருக்கும், நம்ம ஊர் வத்தைப் படகுல பலகையோட பலகை முட்டி வழவழன்னு இருக்கும்ல, அப்படி இல்ல. தோணி கட்டுற எங்க ஓடாவி அதைப் பாத்துட்டு "என்ன காக்கா, கூரைக்கு ஓடு வேஞ்ச மாதிரி வேஞ்சு வச்சிருக்கீங்க"ன்னு கேட்டாரு, அதுதான் அங்கத்து வழக்கம்னு சொன்னேன், நம்பலை. (காக்கான்னா எங்க ஊர்ல அண்ணன்.) ராபினைக் கட்டுறது இன்னும் பெரிய வேலை. முதுகுல அம்புக்கூடு துருத்திக்கிட்டு மரத்துல ஒட்டவே மாட்டேங்குது, அரத்தால ராவி எடுத்துட்டு கூட்டை இடுப்புக்கு மாத்தினேன், சந்துக்கு எம்சீல். நெஞ்சோட கட்டுனா வில்லை இழுக்க முடியாது, அதனால இடுப்புல மட்டும் தையல் நூலு மூணு சுத்து.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு ஆட்டம். மகள் யூஸ்டஸ், நான் ராபின். அவ சுண்ணாம்பு தூவ வந்தா, காத்துக் கட்டையில கச்சான் விழுந்து அவ கப்பல் மேலேயே திரும்புச்சு, நான் சிரிச்சேன், அடுத்த உருட்டுல என் படகுல ரெண்டு பேரு காலி, அப்புறம் சிரிக்கலை. மாமா ஓரத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. முடிஞ்சதும் கேட்டாரு, "படகுல ஆளு இருக்கு, அம்பு இருக்கு, வலை எங்க?"

இது தூண்டில் கதை மாமா, வலை இல்லைன்னேன். அவர் காதுல வாங்கலை. மறுநாள் கடைக்கு வந்து பச்சைத் தையல் நூல்ல கட்டுன ஒரு வலையை மேசை மேல வச்சாரு, என் உள்ளங்கை அளவு, கண்ணி ஒவ்வொண்ணும் ஒரு உளுந்து. கீழ ஈயக் குண்டுக்குப் பதிலா பாசிமணி. இதுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு பிரஷை எடுத்தேன், கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "பெயிண்ட் எதுக்கு, மாடியில வெயில்ல போடு."

போட்டிருக்கேன். பதினோரு நாளாச்சு, ஓரத்துல லேசா வெளுக்க ஆரம்பிச்சிருக்கு.